மெயின் வீதிக் கடையின் பழைய முகப்பு: மூடுவதா, இடிப்பதா, அப்படியே வைத்திருப்பதா?

புளியந்தீவான்:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனுக்குள்ளே, புளியந்தீவில் மெயின் வீதியை ஒட்டி எங்களுக்கு ஒரு பழைய மாடிக் கடை இருக்கிறது. பூட்டன் வாங்கியது. கீழே புடைவைக் கடைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம், மேலே முந்தி ஆட்கள் இருந்தார்கள், இப்போது வெற்றுப் பெட்டிகளும் புறா எச்சமும்தான். வாடகைக்கு இருப்பவர் முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடி, கீழே கண்ணாடி போட்டு, பெரிய எல்.ஈ.டி. போர்ட் வைக்கக் கேட்கிறார், செலவும் அவருடையதாம். சின்ன மாமாவுக்கு அதைவிடப் பெரிய யோசனை: இடித்துப்போட்டு மூன்று மாடி. அம்மாவுக்கு ரெண்டுமே விருப்பமில்லை, எனக்கும்தான். ஆனால் விருப்பமில்லை என்று மட்டும் சொல்லிக் குடும்பத்துக்குள் ஒன்றையும் நிறுத்த முடியாதே.

கட்டடம் எப்படி என்றால், அகலம் குறைவு, ஆழம் கூட. முன்னால் விறாந்தை, அதற்கு மேல் மரப் பல்கனி, பல்கனியைத் தாங்க இரும்பு வளைகள் (உத்தரங்கள்). கீழ்க் கடைக்கு இப்போதும் பலகைக் கதவுதான். மேல் மாடியில் வளைவு வைத்த மூன்று யன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் விசிறி மாதிரிக் கலர் கண்ணாடி (ஒன்றில் கண்ணாடிக்குப் பதில் பிஸ்கட் டின் தகரம்). யன்னல்களுக்கு இடையில் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், உச்சியில் கூரையை மறைக்கிற சுவர், நடுவில் முக்கோணம், அதற்குள் 1898 என்று சாந்தில் எழுதியிருக்கிறது.

நான் கேட்பது: இது உண்மையிலேயே விக்டோரியா காலத்துக் கட்டடமா, அல்லது அந்தச் சாயலில் பிறகு கட்டியதா? இடிக்கச் சட்டத்தில் தடை ஏதும் இருக்கிறதா? மூன்றாவதுதான் அவசரம். உள்சுவரில் நெஞ்சு உயரம் வரை பூச்சு பொருபொருவென்று உதிர்கிறது, வெள்ளையாக மாப்போலப் பூக்கிறது. மேசன் பாஸ் எல்லாவற்றையும் கொத்திவிட்டு ஒன்றுக்கு மூன்று சீமெந்து அடித்தால் சரி என்கிறார். சரியா?


கல்லடிப்பாலம்:

தம்பி, நான் கட்டட வேலைப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்த 1898ஐ முழுக்க நம்பிவிட வேண்டாம். முகப்பில் எழுதுகிற வருடம் கட்டிய வருடமாகவும் இருக்கலாம், வியாபாரம் தொடங்கிய வருடமாகவும் இருக்கலாம், பழைய கடைக்குப் புது முகம் வைத்த வருடமாகவும் இருக்கலாம். விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். இலங்கையில் நாங்கள் விக்டோரியா காலம் என்று கைகாட்டுகிற கட்டடங்களில் பல அதற்குப் பிந்தியவை. கொழும்புக் கோட்டையில் சிவப்பாக நிற்கிற கார்கில்ஸ் கட்டடமே 1906தான். அங்கே ஆட்சி மாறினாலும் இங்கே மேசன்மாரின் கை உடனே மாறிவிடாது. 1920களிலும் இதே அரைத்தூண், இதே வளைவுதான் கட்டினார்கள்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டுச் சாமான்களைப் பார்க்க வேண்டும். பல்கனிக்குக் கீழே உள்ள இரும்பு வளையைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள், உருக்காலையின் பெயர் புடைத்து நிற்கும். டோர்மன் லோங், மிடில்ஸ்பரோ என்று இருந்தால் அது 1880களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அலங்கார வார்ப்பிரும்புத் தாங்கிகள் இருந்தால் கிளாஸ்கோ மக்ஃபார்லேன் பெயர் இருக்கிறதா பாருங்கள், அவர்கள் படப் புத்தகம் அனுப்பி உலகம் முழுக்கத் தூணும் கிறாதியும் விற்றவர்கள். மறுகா கூரைக்கு ஏறி ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். முதலாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்கார அரசு அவர்களிடமிருந்து அதைப் பறித்தது, பிறகு அது கொமன்வெல்த் டிரஸ்ட் ஆனது. ஆகவே எந்தப் பெயர் பதிந்த ஓடு என்பதை வைத்து யுத்தத்துக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். ஆனால் நம்முடைய ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி எத்தனையோ கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது, அதற்குப் பிறகு கிடைத்த ஓட்டையெல்லாம் கிடைத்த கூரையில் போட்டார்கள். ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும், சுவரின் வயதை அல்ல.

இன்னொரு வழி காணி உறுதி (பத்திரம்). பழைய உறுதிகளில் எல்லை எழுதும்போது காணியில் நிற்பதையும் எழுதுவார்கள், ஓலைக் கடையா, கல்லால் கட்டிய ஓட்டுக் கடையா என்று. காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் ஓலை எந்த உறுதியில் ஓடாக மாறுகிறது என்று பிடித்துவிடலாம், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சட்டம்: 1940இன் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தானாகப் பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. அதற்குப் பிந்திய கட்டடம் என்றால் வர்த்தமானியில் தனியாகப் பிரகடனம் செய்திருக்க வேண்டும். உங்கள் கடைக்கு அப்படி ஒன்றும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் மட்டக்களப்புக் கோட்டையை மறந்துவிட வேண்டாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. அதற்குப் பக்கத்தில், குறித்த தூரத்துக்குள் கட்டுமானம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டி வரும். மாநகர சபைக்குப் படம் கொடுக்க முதல் இதை விசாரியுங்கள்.


நாவற்குடா நண்பன்:

எல்லாரும் பழசு பழசு என்று உருகுகிறீர்கள், வரி கட்டுவது யார்? மேல் மாடி சும்மா கிடக்கிறது, வாகனம் நிறுத்த இடமில்லை, வாடிக்கையாளர் ஏசி கேட்கிறான். மாமா சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. இடித்துக் கட்டினால் ரெண்டு தலைமுறைக்குக் கவலையில்லை. படம் எடுத்துப் போட்டு லைக் வாங்குகிறவர்கள் கூரை மாற்றக் காசு தருவார்களா?


கல்லடிப்பாலம்:

நண்பரே, கேள்வி நியாயமானது, அதனால் காசுக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். பழைய கடை வீதி விளிம்பிலேயே நிற்கிறது. இடித்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்க விடமாட்டார்கள், வீதிக் கோட்டில் இருந்து பின்தள்ளித்தான் கட்ட அனுமதி வரும், வாகனத் தரிப்பிடமும் காட்டச் சொல்வார்கள். முன்பக்கம்தான் கடையின் உயிர். அகலம் குறைந்த காணியில் முன்னால் சில அடியை விட்டு, தரிப்பிடத்துக்கும் ஒதுக்கி, மாடிப்படிக்கும் இடம் எடுத்தால் கீழ்த் தளத்தில் வாடகைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு நில அளவையாளரை வைத்துக் கணக்குப் பாருங்கள். பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர் என்றால் அது வேறு வழக்கு. இதை மாமாவிடம் சொல்லுங்கள் தம்பி, பூட்டன் கதையைவிட வேலை செய்யும்.


ஈஸ்ட்ஹாம் மட்டுநகரான்:

லண்டனில் இருந்து எழுதுகிறேன், பிறந்தது கோட்டைமுனை. இங்கே நான் வேலை செய்கிற வீதி முழுக்க விக்டோரியா காலக் கடைகள்தான், தினமும் அவற்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்குகிறது: நம்முடைய கடைகள் மேல் பாதியில் இங்கிலாந்து, கீழ்ப் பாதியில் மட்டக்களப்பு.

இங்கே 1845இல் கண்ணாடி மீதான வரியை எடுத்த பிறகு பெரிய கண்ணாடி மலிந்தது, கடைக்காரர்கள் கீழ்த் தளம் முழுவதையும் கண்ணாடியாக்கினார்கள். மேலே செங்கல் சுவரைத் தாங்க உள்ளே மெல்லிய வார்ப்பிரும்புத் தூண். கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்பு, ரெண்டு பக்கமும் மெல்லிய அரைத்தூண், அவற்றின் தலையில் செதுக்கிய தாங்கி, ரெண்டு தாங்கிக்கும் இடையில் பெயர்ப்பலகை. எந்த வீதிக்குப் போனாலும் இதே கணக்குத்தான். நம்முடைய ஊரில் வெயிலும் மழையும் அப்படி விடுமா? கண்ணாடி வைத்தால் கடை அடுப்பாகிவிடும். அதனால் விறாந்தையை முன்னால் நீட்டி, பலகைக் கதவைக் கழற்றிக் கடையையே வீதிக்குத் திறந்துவிட்டார்கள். சாமான் முழுக்க வெளியே தெரியும், காற்றும் வரும். மேலே மட்டும் அந்த வளைவும் அரைத்தூணும் உச்சி முக்கோணமும் வெள்ளைக்காரன் முறைப்படியே. அந்தக் கலர் விசிறிக் கண்ணாடி அழகுக்கு மட்டும் வைத்ததல்ல, யன்னல் பலகையைப் பூட்டினாலும் அறைக்குள் வெளிச்சம் வரத்தான். பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடுங்கள், பெரிய செலவில்லை.

புடைவைக் கடைக்காரர் கண்ணாடி போட்டு ஏசி வைக்கக் கேட்பது அவருடைய தேவை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியை விறாந்தைக்கு உள்ளே, பலகைக் கதவின் வரிசைக்குப் பின்னால் ஒரு தனிச் சட்டமாக வைக்கலாமே. பகலில் பலகை கழற்றிய இடத்தில் கண்ணாடி தெரியும், இரவில் பலகை பூட்டும். இங்கே பல மாநகர சபைகள் கடை முகப்புக்கென்றே வழிகாட்டி வைத்திருக்கின்றன, போர்ட் எவ்வளவு உயரம், எந்த விளக்கு என்று எல்லாம் சொல்லும். நம்முடைய ஊரில் யாரும் கேட்கவில்லை என்பதற்காக மேல் யன்னல்களைத் தகட்டால் மூட வேண்டுமா? அந்தத் தகட்டுக்குப் பின்னால் புறா கூடு கட்டும், மழைத் தண்ணீர் நிற்கும், ஆணி அடித்த இடமெல்லாம் சாந்து வெடிக்கும், பத்து வருடம் கழித்துக் கழற்றினால் உள்ளே சுவர் இருக்காது.


கல்முனைக் கொந்தராத்து:

தம்பி புளியந்தீவான், மற்ற கதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், அந்த மேசனை முதலில் நிறுத்துங்கள். சீமெந்து அடிக்க விட வேண்டாம்.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் முருகைக்கல்லும் (பவளப்பாறை) சிப்பியும் சுட்டுத்தான் சுண்ணாம்பு. அத்திவாரத்தில் ஈரம் தடுக்கிற தட்டு ஒன்றும் இல்லை, புளியந்தீவோ சுற்றிலும் வாவி, தோண்டினால் தண்ணீர். ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும், எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், ஏறியது காற்றில் போய்விடும், அதனால்தான் நூறு வருடம் நின்றது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு எல்லாருக்கும் சீமெந்து கைக்கெட்டியது, எங்கே உதிர்ந்தாலும் அதையே அப்பினார்கள். வேர்த்த உடம்புக்கு மழைக்கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஏன் நனைகிறது என்று கேட்கிற மாதிரி. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டு போகும். காய்கிற இடத்தில் உப்பு கட்டியாகும்போது செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். நீங்கள் சொல்கிற மா அதுதான். நான் பந்தயம் கட்டுகிறேன், உங்கள் சுவரில் கீழே முழங்கால் உயரம் வரை ஏற்கெனவே யாரோ ஒரு காலத்தில் சீமெந்து அடித்திருப்பார்கள், அதற்கு மேலேதான் உதிர்கிறது.

வீதியையும் பாருங்கள். கார்பெட் மேல் கார்பெட் போட்டுப் போட்டு வீதி உயர்ந்துவிட்டது, முந்தி விறாந்தைக்கு ஏறுகிற படிகளில் பாதி இப்போது தாருக்குக் கீழே. மாரிக்கு வீதித் தண்ணீர் விறாந்தைக்கு வருகிறதா? வந்தால் அதற்கு ஒரு சிறு கான் வெட்டாமல் சுவரில் என்ன பூசினாலும் வீண். கூரைப் பீலி (மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால்) எங்கே ஊற்றுகிறது என்றும் பாருங்கள், முகப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள பீலிதான் இந்த மாதிரிக் கட்டடங்களின் எமன். வெளியே தெரியாது, இலை அடைத்து நிரம்பி, முகப்புக்குள்ளேயே இறங்கும்.

வேலை இப்படி: சீமெந்தை மெல்ல எடுக்க வேண்டும். கிரைண்டர், பிரேக்கர் ஒன்றும் வேண்டாம், சிறு உளியும் சுத்தியலும், செங்கல்லோடு இறுகப் பிடித்த இடத்தை இழுத்துப் பிடுங்கக் கூடாது. பிறகு சுவரைச் சில மாதம் அப்படியே திறந்து காய விட வேண்டும், பூக்கிற உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி வெளியே கொட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். அதன் பிறகு நன்றாக நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்கு ஆற்று மணல் மூன்று, கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்தால் இறுகும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். கடற்கரையில் முருகைக்கல் எடுப்பது இப்போது தடை, யாராவது கொண்டு வந்து தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். கடுக்காய், பனங்கட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று ஒருவர் வந்து சொல்வார், அது செட்டிநாட்டு வீட்டுப் பளபளப்புக்கு, கடைச் சுவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கச்சான் காற்று (தென்மேற்கில் இருந்து வருகிற வறண்ட காற்று) அடிக்கிற மாதங்களில் பூச வேண்டாம். சுண்ணாம்பு ஆறுதலாகத்தான் இறுக வேண்டும், கச்சான் ஒரு நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு வலை மாதிரி வெடிக்கும். மாரி முடிந்து மாசி பங்குனியில் தொடங்கி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் செய்ய வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடு எல்லாம் வீண், வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும்.


புளியந்தீவான்:

கல்லடிப்பாலம் ஐயாவுக்கும் கல்முனை நானாவுக்கும் லண்டன் அண்ணனுக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். நானா சொன்னது சரி, கீழே முழங்கால் உயரம் வரை சாம்பல் நிறச் சீமெந்து, தட்டினால் டொக்கென்று கேட்கிறது, அதற்கு மேலே தட்டினால் பொதபொதவென்கிறது. இரும்பு வளையில் டோர்மன் லோங் என்று இருக்கிறது. கூரையில் பின்பக்கச் சரிவில் பாசல் மிஷன் ஓடு, முன்பக்கச் சரிவில் கொமன்வெல்த், அங்கங்கே பெயரே இல்லாத ஓடும் கலந்திருக்கிறது. அப்போ முன்பக்கக் கூரை மட்டும் ஒரு காலத்தில் போய்த் திரும்பப் போட்டிருக்கிறார்களா?

பலகைக் கதவைக் கழற்றும்போது ஒன்று பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பிலும் உளியால் தமிழ் எண் வெட்டியிருக்கிறது, ௧, ௨, ௩ என்று வரிசையாக. கடைசிக்கு முந்தின பலகையில் எண் இல்லை, மரமும் வேறு, அது யாரோ பிறகு செய்து போட்டது. மற்றவை முதிரையாம், கடைப் பையன் தனியாகத் தூக்க முடியவில்லை. கடைசிப் பலகையில் மட்டும் ஆள் நுழைகிற அளவு சின்னக் கதவு, பிணைச்சல் வைத்து. கடை பூட்டிய பிறகு உள்ளே இருக்கிறவர் வெளியே வர அது என்று அம்மா சொன்னார்.


கல்லடிப்பாலம்:

நல்லது தம்பி. பின்பக்கம் பாசல் மிஷன், வளை டோர்மன் லோங், பலகையில் தமிழ் எண் என்றால் 1898 பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம், உறுதியும் ஒத்துப் போனால் சந்தேகமே இல்லை. முன்பக்கக் கூரை போனது 1978இலா அதற்கு முந்தியா என்பதைக் கைமரத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம், பழையதில் வாச்சியால் செதுக்கிய வடு இருக்கும், புதியதில் ஆலை வாளின் நேர்க் கோடு இருக்கும். 1928இல் ரெயில் வர முதல் இவ்வளவு பாரமான இரும்பு இங்கே வந்தது கப்பலில், பிறகு வள்ளத்தில். கல்லடிப் பாலமே 1924இல்தான். அந்த இரும்பைப் பூட்டன் காலத்தார் சும்மா வாங்கவில்லை, ஆகவே அது துருப்பிடிக்க விட வேண்டாம். இரும்பு துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் அது குத்தி நிற்கிற இடத்தில் சுவர் பிளக்கும். பல்கனி வளைகள் சுவருக்குள் போகிற முனைகளை நன்றாகப் பாருங்கள், அங்கே வெடிப்பு இருந்தால் பூச்சு வேலையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் ஒரு பட்டய எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.


நாவற்குடா நண்பன்:

சரி, வீதிக் கோட்டுக் கதை எனக்குத் தெரியாது. அப்படியென்றால் இடிப்பது நட்டம்தான். ஆனால் மேல் மாடியைச் சும்மா வைத்திருப்பதும் நட்டம்தானே, அதற்கு யாராவது வழி சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கிற மாடிதான் முதலில் உக்கும்.


கல்முனைக் கொந்தராத்து:

அது உண்மை. மாடியைத் தையல்காரருக்கோ டியூஷனுக்கோ கொடுங்கள், யன்னல் தினமும் திறந்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது. ஆனால் பாரமான மெஷின், தண்ணீர்த் தாங்கி மேலே ஏற்ற வேண்டாம். போர்ட் கதைக்கு வருகிறேன்: விறாந்தைத் தூண்களுக்கு இடையில், பல்கனிக்குக் கீழே தனி மரச் சட்டம் போட்டு அதில் போர்ட் மாட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒரு ஆணியும் ஏறக் கூடாது என்று வாடகை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள். வயர் இழுக்கிறவன்தான் பெரிய ஆபத்து, அவனுக்கு எங்கே துளை போட்டாலும் ஒன்றுதான்.

பீலியை இந்தக் கிழமையே ஆள் வைத்துத் துப்பரவாக்குங்கள், மாரி தொடங்கிவிட்டால் ஏற முடியாது. பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு ஊற வைக்க வேண்டும் என்றால் தை மாதமே எனக்குச் சொல்லுங்கள், அதற்குள் மாமாவையும் சம்மதிக்க வைத்துவிடுங்கள்.